சந்தூக்கு திரும்புமா?

கொழும்பு பஸ்ஸிலிருந்து ஸஹ்னா பாலாவிச் சந்தியில் இறங்கியபோது, அவள் கையிலிருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்து, 'இப்றாஹிமின் மூத்த மகள் தங்கச்சிக்கு நகை கொண்டு வருகிறாள்' என்று ஊர் கதை கட்டிவிட்டதல்லவா? பெட்டிக்குள் இருந்தது நகையல்ல, ஒரு வீடு. அதுவும் இன்னும் கட்டப்படாத வீடு.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார் என்பார்கள். பெண்ணைக் கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுக்கிற சனத்தில் பிறந்தவனுக்கு இரண்டையும் ஒரே மூச்சில் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்டு வந்து, முகாமில் பிள்ளைகளைப் பெற்று, சண்டை முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் கற்பிட்டி வீதியோரத்திலேயே வேர்விட்டவன் இப்றாஹிம். இளையவள் றைஸாவுக்காக அவன் போட்ட அத்திவாரத்தில் இப்போது புல் முளைத்திருந்தது. அயல்வீட்டு ஆடுகள் அதில் மேய்ந்தன.

மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று கேட்டவர்களுக்கு, தனக்கு இப்போது வேண்டாமென்று ஸஹ்னாவே பதில் சொல்லிவிட்டாள். அது பழைய கதை. இன்றைய கதை, மாப்பிள்ளை ஃபைஸலின் தாய் நஃபீஸா பின்னேரம் வருவது பற்றியது.

போன மாதம் அத்திவாரத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போன நஃபீஸா, இன்றைக்கு வந்து முடிவு சொல்வதாக இருந்தாள். ஹஜ் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று இரண்டு பக்கமும் வாயளவில் பேசி வைத்திருந்தார்கள். வீட்டைக் காணாமல் அதை உறுதிப்படுத்த அவளுக்கு மனமில்லை.

அதனால்தான் ஸஹ்னா வீட்டைக் காட்டத் தீர்மானித்தாள். அவள் வேலை செய்வது கொழும்பில் ஒரு கட்டட வடிவமைப்பு ஒஃபிஸில். கற்பிட்டிக் கடற்கரையில் எழும்புகிற ஹோட்டல்களுக்கு அங்கேதான் உருவம் கிடைக்கிறது. கல் வைப்பதற்கு முன்னமே முதலாளிமார் கண்ணை முழுதாக மூடுகிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, இல்லாத படியில் ஏறி, இல்லாத யன்னலைத் திறந்து, இல்லாத கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கண்ணாடியைத்தான் அவள் இரவல் வாங்கி வந்திருந்தாள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்கிறது ஊர். ஸஹ்னா பொய் சொல்லவில்லை, வரைந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவளுக்கே உள்ளூரத் தெரியும்.

*

காலையில் முதலில் உம்மாவுக்கு மாட்டிப் பார்த்தாள்.

"உம்மா, கதிரையெல்லாம் ஒதுக்கிட்டன். பயப்படாம நடங்க. நீங்க பாக்கிறத நான் இந்த லெப்டொப்ல பாப்பன்."

"விழுந்துற மாட்டனே புள்ள?"

"நான் பிடிச்சிருக்கிறன், உம்மா."

மர்லியாவின் இரண்டு கைகளிலும் இரண்டு கைப்பிடிகளைக் கொடுத்தாள். கணினித் திரையில், வெள்ளை நிறத்தில், இரண்டு கைகள் தோன்றின. உம்மா கையை அசைத்தால் அந்தக் கைகளும் அசையும்.

ஸஹ்னா இந்த வீட்டுக்கு மாதக்கணக்காக உழைத்திருந்தாள். முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்ட கார் நிறுத்தும் இடம். உள்ளே உயரமான ஹோல். மேற்கு யன்னலில் கடலோரக் களப்பின் தண்ணீர் பளபளத்தது. உண்மையில் அந்த யன்னலில் தெரிய வேண்டியது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்குழாய். அதை அவள் அழித்துவிட்டாள். பிடிக்காததை அழித்துப் பழகிய ஒஃபிஸ் கை.

உம்மா 'மாஷா அல்லாஹ்' என்று வாயில் கை வைப்பாள் என்று எதிர்பார்த்தாள். மர்லியா களப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசற்கதவைப் பார்த்தாள். நிலையைக் கையால் தடவினாள். ஹோலைக் கடந்து பின்பக்கம் போனாள்.

"எங்களுக்கு எந்த அறை, மகள்?"

கார் நிறுத்த இடம் விட்டதில் தாய் தகப்பனுக்கென்று முதலில் போட்ட முன்னறை போய்விட்டது. சாமான் அறையாக இருந்ததைக் கொஞ்சம் பெருப்பித்து, ஒரு யன்னல் வைத்து, அதை உம்மா வாப்பாவின் அறையாக்கியிருந்தாள். அங்கே போக ஒரு ஒடுங்கிய நடைவழி. அது குசினியோரம் போய்ச் சட்டென்று வளைந்தது. பின்கதவும் கிடையாது.

"அந்த வளைவால திரும்பிப் போங்க, உம்மா. கடைசி அறை."

மர்லியா வளைவில் நின்றாள். முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள். பிறகு சர்வ சாதாரணமாகக் கேட்டாள்.

"இதுக்குள்ளால சந்தூக்கு திரும்புமா?"

"என்னது?"

"சந்தூக்கு, புள்ள. மையத்துக் கொண்டு போறது. நாலு பேர் தோள்ல வெச்சு இந்த மூலையால திரும்ப ஏலுமா?"

ஸஹ்னாவுக்குச் சுருக்கென்றது. தங்களைச் சாமான் அறையில் ஒதுக்கிவிட்டாளே என்ற கோபத்தைத்தான் உம்மா இப்படிக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தாள்.

"நல்ல நாளும் பெருநாளுமா என்ன கதை கதைக்கிறீங்க? கலியாண வீட்டுக்குப் பிளான் போட்டா நீங்க மையத்து வீட்டுக்கு அளவெடுக்கிறீங்க!"

"கோவிக்காத. உங்கட வாப்பாட உம்மா முகாம்ல மவுத்தானது உனக்கு நினைவிருக்காது. சந்தூக்கு குடிலுக்குள்ள வராம, சுவரா இருந்த ஓலைக் கிடுகைப் பிய்ச்சுத்தான் அவவ வெளியில எடுத்தம். கிடுகெண்டபடியா பிய்ச்சம். கல்லுச் சுவரப் பிய்க்க ஏலுமா?"

சொல்லிக்கொண்டே அவள் நடைவழியின் அகலத்தை அளக்க இரண்டு கைகளையும் விரித்தாள். திரையில் வலக்கை சுவரைத் தொட்டது. இடக்கை பாதி உயர்ந்து, அப்படியே நின்று, கீழே விழுந்தது.

"யா அல்லாஹ்" என்று முனகினாள் மர்லியா.

"என்ன உம்மா? என்ன செய்யுது?"

"தோள்மூட்டு. வாளி தூக்கினதுல பிடிச்சிட்டுது. இதக் கழட்டு புள்ள, தல சுத்துது."

கழற்றினாள். உம்மாவின் நெற்றி வியர்த்திருந்தது. முதல் முறை மாட்டுகிறவர்களுக்குத் தலை சுற்றுவது வழக்கம்தான். ஸஹ்னா அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்தப் பின்னேரம் வேறுமாதிரிப் போயிருக்கும்.

*

அஸர் தொழுகை முடிந்த கையோடு நஃபீஸா வந்தாள். கூடவே அவள் தம்பி இஸ்ஸதீன். புத்தளம் நகரத்தில் பரம்பரையாக இருக்கிற குடும்பம். நஃபீஸா வீட்டுத் தகரக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தாள். றைஸா குசினித் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதையா மாட்டுறது? தலமுடி கலைஞ்சிராதே?" என்று நஃபீஸா முக்காட்டைச் சரிசெய்தாள்.

மாட்டிய அடுத்த கணம் அவள் வாயடைத்துப்போனாள். அந்த வாய் அடைத்ததை ஊரில் அதுவரை யாரும் கண்டதில்லை.

"மாஷா அல்லாஹ்... இஸ்ஸதீன், இங்க பாரேன், தண்ணி தெரியிது! இது ஹோலா? எங்கட பள்ளிவாசல் மாதிரி உயரமா ஈக்கிது."

அவளுடைய இரண்டு வெள்ளைக் கைகளும் திரையில் பறந்தன. அலுமாரியைத் திறந்தன, யன்னலைத் தள்ளின, இல்லாத விளக்கைத் தொட்டன. நடைவழிப் பக்கம் அவள் எட்டியும் பார்க்கவில்லை. அங்கே யாருக்கு என்ன வேலை?

இப்றாஹிம் கையைப் பிசைந்துகொண்டு மூத்த மகளைப் பெருமையாகப் பார்த்தான். ஸஹ்னாவுக்கும் நெஞ்சு நிறைந்தது. முடிந்துவிட்டது, இனிப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ்தான் என்று நினைத்தாள்.

நஃபீஸா கண்ணாடியைக் கழற்றினாள். தகரக் கூரை மறுபடியும் வந்ததில் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது.

"இப்றாஹிம் நானா, மனசில பட்டத சொல்றேன். மகன் கேம்ப் புள்ளைய எடுக்கிறான் எண்டு எங்கட ஆக்கள் நாலு பேர் கதைக்கத்தான் செய்றாங்க. நான் காதுல போட்டுக்கிறல்ல. ஆனா இந்த ஹோல்ல வெச்சு நிக்காஹ் நடந்தா ஒருத்தன் வாய் தொறப்பானா? ஊரே வந்து பாக்கட்டும்!"

"அதுக்கென்ன மதினி, இன்ஷா அல்லாஹ்..." என்றான் இப்றாஹிம்.

"அப்ப நிக்காஹ் இந்த ஹோல்லதான். வீடு முடியட்டும். அடுத்த வருஷம் முடிஞ்சாலும் பரவாயில்ல, நாங்க நிப்பம். புள்ளையள் எங்கயும் ஓடிறப் போறதில்ல."

இப்றாஹிம் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றான். கேட்காமலே தவணை கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. ஸஹ்னாவும் சிரித்தாள். தேதி தள்ளிப் போனது கொஞ்சம் உறுத்தினாலும், சம்பந்தம் உறுதியானதே பெரிதென்று பட்டது.

"இல்ல!"

எல்லோரும் திரும்பினார்கள். தேத்தண்ணித் தட்டோடு நின்ற மர்லியாதான் சொன்னாள். ஆட்களுக்கு முன்னால் குரலை உயர்த்திப் பேசி அவளை யாரும் கண்டதில்லை.

"பேசினபடி பெருநாள் முடியவே வெப்பம், மதினி. பள்ளியில வெப்பம். வீடு எப்பயும் கட்டலாம்."

"இதென்ன மர்லியா அவசரம்?" நஃபீஸா புருவத்தைத் தூக்கினாள். "பொம்புளப் புள்ளட தாய் இப்பிடி அவசரப்பட்டா கேக்கிற ஆக்கள் என்ன நெனைப்பாங்க?"

இஸ்ஸதீன் இருமினான். குசினித் திரைக்குப் பின்னால் றைஸா வெட்கத்தில் உதட்டைக் கடித்தாள். இப்றாஹிம் மனைவியை முறைத்தான்.

"அவ சும்மா சொல்றா, மதினி. நீங்க சொன்னதுதான் முடிவு."

மர்லியா தட்டை வலக்கையால் மட்டும் பிடித்திருந்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தமிட்டன. ஸஹ்னா பாய்ந்துபோய்த் தட்டை வாங்கினாள்.

*

வந்தவர்களின் வான் வீதியில் ஏறியதும் இப்றாஹிம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். உம்மாவை வீட்டுக்குள் காணவில்லை.

அவள் அத்திவாரத்தில் நின்றாள். எந்த அறை எங்கே வரும் என்று தெரிந்தவள்போல, பின்மூலையில், புல்லுக்கு நடுவில் நின்றாள். உப்பளப் பக்கமிருந்து காற்று அடித்தது.

"ஏன் உம்மா அப்பிடிச் சொன்னீங்க? எல்லாம் சரிவந்த நேரத்தில..."

"எல்லாத்தையும் நீ சரியாத்தான் செஞ்ச, மகள். வீடு அவ்வளவு வடிவா இல்லாம இருந்திருக்கலாம்."

ஸஹ்னாவுக்கு விளங்கவில்லை. உம்மா அவளுடைய கையைப் பிடித்து, சட்டைக்கு மேலாக, இடது கக்கத்துக்குக் கீழே வைத்தாள். விரலுக்கடியில் கட்டி ஒன்று, பாக்குப்போல இறுகியிருந்தது. ஸஹ்னா சுடுபட்டவள்போலக் கையை எடுத்தாள்.

"எப்பேந்து?"

"நோம்புக்கு முந்தியே. சிலாபத்துக்குப் புடவை எடுக்கப் போறன் எண்டு போனனே, அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போனன். ஊசி குத்திப் பாத்திட்டு உடனே மஹரகமைக்குப் போகச் சொன்னாங்க."

மஹரகம. புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். அதன் பெயரைச் சொன்னால் போதும், இந்த நாட்டில் நோயின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஸஹ்னா அத்திவாரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"ஏன் உம்மா சொல்லல்ல? எங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா? முத்தலிபுட மகளுக்கு நடந்தத மறந்திட்டியா? தாய்க்கு இந்த வருத்தம் எண்டு தெரிஞ்ச அண்டைக்கே மாப்பிள்ள வீட்டாக்கள் சம்பந்தம் வேணாமெண்டு ஆள் அனுப்பினாங்க. தாய்க்கு வந்தது மகளுக்கு வராதா எண்டு கேட்டாங்க. அந்தப் புள்ள இண்டைக்கும் வீட்டுல இரிக்கி. நஃபீஸா மட்டும் கேக்க மாட்டாவா?"

"அதுக்கு..."

"பெருநாள் முடிய நிக்காஹ். அடுத்த நாளே மஹரகமைக்குப் போறதெண்டு நிய்யத்து வெச்சிருந்தன். அதுவரைக்கும் தாக்குப் பிடிக்கலாம் எண்டு நினைச்சன். இப்ப வீடு முடியணுமாம்." மர்லியா புல்லைப் பார்த்தாள். "இந்த வீடு எப்ப முடியிறது, புள்ள?"

அந்தக் கேள்விக்கு ஸஹ்னாவிடம் பதில் இருந்தது. அவள் வரைந்தவள். ஒவ்வொரு சுவரும் எழும்ப எவ்வளவு காலமாகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காலம் உம்மாவுக்கு இல்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. உம்மாவின் நாளைத் தள்ளிப்போட்டது நஃபீஸாவல்ல. களப்புத் தண்ணீரை அப்படிப் பளபளக்க வைத்த தன் கைதான் என்று நினைத்தபோது, அந்தக் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

"நாளைக்கே போவம், உம்மா. வாப்பாட்ட நான் சொல்றன்."

"வாய் தொறக்காத!" மர்லியாவின் குரல் கடுத்தது. "நிக்காஹ் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. இது உன்னட்ட அமானிதம்."

அமானிதம் என்று ஒப்படைத்ததைப் பாழாக்கினால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவளே உம்மாதான். பள்ளியில் மஃரிப் பாங்கு கேட்டது. மர்லியா உள்ளே போனாள்.

*

தொழுது எழும்பிய ஸஹ்னா லெப்டொப்பைத் திறந்தாள். ஏன் திறந்தாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. அழுவதற்கு இந்தச் சின்ன வீட்டில் மறைவில்லை. கைக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

நடைவழியைத் தேடிப் பிடித்தாள். குசினிச் சுவரை உள்ளே தள்ளினாள். வளைவின் கூர்மூலையைச் சாய்த்தாள். நாலு பேர் தோளோடு தோள் நின்றால் எவ்வளவு அகலம் வேண்டும்? அந்த அளவை ஒஃபிஸில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மனதுக்குள் ஆட்களை நிறுத்தி, தூக்கி, திருப்பிப் பார்த்தாள். முன்னால் பிடித்திருந்தது வாப்பா. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"ராத்தா, எனக்குக் காட்ட மாட்டீங்களா? ஊர் ஆக்களெல்லாம் பாத்தாச்சு, வீட்டுக்காரி இன்னும் பாக்கல்ல!"

றைஸா பின்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மறுக்கக் காரணம் கிடைக்காமல் ஸஹ்னா கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

றைஸா களப்பைப் பார்த்துக் கூவினாள். ஹோலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பின்பக்கம் போனாள்.

"அட, நீங்க முந்தி அனுப்பின பிளான்ல இந்த வழி ஒடுக்கமா இருந்திச்சே. அகலமாக்கிட்டீங்களா? நல்லம் ராத்தா! உம்மாட பழைய அலுமாரி இப்ப லேசாத் திரும்பும்."

அவள் இரண்டு கைகளாலும் இல்லாத அலுமாரி ஒன்றைப் பிடித்து, மூலையில் வளைத்துத் திருப்பிக் காட்டினாள். திரையில் வெள்ளைக் கைகள் கவனமாகத் திரும்பின.

சத்தம் கேட்டு மர்லியா குசினி வாசலுக்கு வந்திருந்தாள். அவள் திரையைப் பார்த்தாள். தள்ளி வைத்த சுவரைப் பார்த்தாள். சாய்த்த மூலையைக் கண்ணாலேயே அளந்தாள். பிறகு ஸஹ்னாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள்.

"ஓம். இப்ப திரும்பும்" என்றாள்.

ஸஹ்னாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகுமா? இந்த வீட்டில் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கட்டியது அவள்தான். அவிழ்க்க வேண்டியதும் அவள்தான். அமானிதத்துக்கு அல்லாஹ் கேட்கும்போது கேட்கட்டும். உம்மாவின் உயிருக்கும் அவன்தானே கேட்பான்.

"போதும் றைஸா. அதக் கழட்டு."

"இன்னும் கொஞ்ச நேரம், ராத்தா..."

அவளே தங்கச்சியின் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினாள். மங்கிய பல்ப் வெளிச்சத்தில் றைஸா கண்ணைச் சிமிட்டினாள்.

"அந்த வீட்டப் பாத்தது காணும். உம்மாவப் பாரு."

"என்ன ராத்தா?"

"உம்மாட இடது கையத் தூக்கச் சொல்லு."

"ஸஹ்னா!" என்றாள் மர்லியா.

றைஸாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதுவும் ராத்தாவின் புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். களப்புத் தண்ணீரைப் பார்த்த சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது.

"எங்க உம்மா, தூக்குங்க பாப்பம்!"

மர்லியா கையைத் தூக்கவில்லை. வாசலில் இப்றாஹிமின் சைக்கிள் வந்து நின்றது.